திவலை எவர் உடைமை?

நீர் துளியாவது நீரின் இயல்பு. அதற்கு எவருடைய ஒப்புதலும் வேண்டா. கூரை விளிம்பில் தொங்கித் தொங்கி விழும் மழைநீரும், குழாய் வாயிலிருந்து இழையாய் இறங்கி இடையில் அறுந்து மணிமணியாய்ச் சிதறும் நீரும், சேம்பின் இலைமேல் ஒட்டாது உருளும் பனிநீரும், மாந்தன் நிலத்தில் கால் வைக்குமுன்னரே தம்மைத் தாமே உருண்டையாக்கிக் கொண்டவை. இருந்தும், 2018ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், அமெரிக்க நாட்டுத் தெலவேர் மாநிலத்தில் அமர்ந்த அறங்கூறாயம் ஒன்று, எண்ணெய்க்கு நடுவே நீர்த்துளிகளை ஆக்கி அவற்றுள் வேதிவினை நிகழ்த்தும் முறைகளில் ஒரு நிறுவனம் பிறருடைய காப்புரிமையை அறிந்தே மீறிவிட்டது என்று முடிவு கூறி, ஏறத்தாழ 2.4 கோடி தாலர் ஈடு செலுத்தப் பணித்தது. துளியாகும் இயல்பு நீருடையது. துளிக்குள் நடப்பதற்கு வேலியிடும் உரிமை வணிகருடையது! இவ்விரண்டுக்கும் இடையே நிகழ்ந்தது என்ன என்பது, அறிவியல் மாந்தர் எல்லார்க்கும் பொது என்று நம்புவோர் அனைவரும் அறிந்திருக்க வேண்டுவதொன்று.

மைக்ரோபுளூயிடிக்சு என ஆங்கிலர் வழங்கும் அத்துறைக்கு நுண்பாய்மவியல் என்பது தமிழ். பாய்வது பாய்மம்; நீரும் எண்ணெயும் வளியும் அதனுள் அடங்கும். மயிரிழை அளவே அகலமுடைய கால்களை ஒரு சிறு தகட்டில் அமைத்து, அவற்றின் வழியே பாய்மங்களைச் செலுத்தி ஆளும் கலை அது. அத்தகடு சில்லு. அதில் ஓடுவது நுண்கால். வாய்க்காலில் உள்ள அதே கால்தான். அதனுள் பிறக்கும் சிறுதுளிக்குப் பெயரிடுவதிலோ, தமிழுக்குச் சொல்வறுமை இல்லை, சொல்மிகுதியே தொல்லை. துளி, திவலை, துவலை, தளி, உறை, சிதர் என எத்தனை! மழையை இத்துணைக் கூர்ந்து நோக்கிய மொழிக்கு வேற்றுச்சொல் கடன் வேண்டுமோ? திவலை என்பதே இங்குக் கொள்ளப்படுகின்றது.

திவலையின் வரலாறு கண்ணிழந்த ஓர் அறிஞரிடமிருந்து தொடங்குகின்றது. பெல்சிய நாட்டுக் கெண்ட்டு நகரில் பேராசிரியராய் இருந்த சோசப்பு பிளாட்டோ என்பார் 1843 அளவில் பார்வையை முற்றும் இழந்தார். அதன் பின்னரும் குடும்பத்தாரும் உடன்பணியாளரும் தம் கண்ணால் கண்டு சொல்லச்சொல்ல, அவர் தம் ஆய்வை விடாது நடத்தினார். நீரும் சாராயமும் கலந்த கலவையில், அதே அடர்த்தியுள்ள எண்ணெயைத் தொங்கவிட்டால், எண்ணெயின் எடை இல்லாதது போல் ஆகிவிடும். பரப்பு இழுவிசை ஒன்றே அதன் வடிவை ஆளும். அவ்வாறு ஆய்ந்து, உருளை வடிவில் நீண்ட பாய்மம் தன் சுற்றளவைவிட நீளமானால் நிலைகொள்ளாது துளிகளாய் உடையும் என்று அவர் கண்டார். அவ்வாய்வுகளைத் தொகுத்த அவருடைய நூல் 1873இல் வெளிவந்தது. ஐந்தாண்டு கழித்து, 1878இல், ஆங்கில அறிஞர் இரேலி அதற்குக் கணக்கு வகுத்தார். தாரையின் விட்டத்தைப்போல் ஏறத்தாழ நாலரை மடங்கு நீளமுள்ள அலையே மற்றெல்லா அலைகளையும் முந்தி வளர்ந்து தாரையை அறுக்கும் என்பது அவர் கண்ட முடிவு. இருவரும் தம் நெறியை நூலில் எழுதி உலகத்தின் முன் வைத்தனர். அதற்கு எவரும் வரி தண்டவில்லை.

ஆயினும் தானே உடையும் தாரை ஒரே அளவான துளிகளைத் தருவதில்லை. சிறிதும் பெரிதுமாய்த் தெறிக்கும் துளிகளைக் கொண்டு அளந்தறியும் வேலை எதுவும் நடவாது. ஒன்றைப்போல் ஒன்று அச்சு வார்த்தாற்போல் பிறக்க வேண்டும். அதுவும் நொடிக்கு ஆயிரக்கணக்கில் பிறக்க வேண்டும். இங்குதான் நுண்கால் கைகொடுத்தது. 2001ஆம் ஆண்டில் கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த தார்சன், இராபர்ட்சு, ஆர்னால்டு, குவேக்கு ஆகிய நால்வர், ஒரு நேர்க்காலின் விலாவில் இன்னொரு கால் வந்து செங்குத்தாய்ச் சேரும் சந்தியைச் சில்லில் அமைத்தனர். நேர்க்காலில் எண்ணெய் ஓடும். விலாக்காலில் நீர் வரும். நீரின் முனை எண்ணெய்க்குள் தலைநீட்டும். சிறிது சிறிதாய் வீங்கி நேர்க்காலை அடைத்துக்கொள்ளும். வழி மறிக்கப்பட்ட எண்ணெய்க்குப் பின்னால் அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் நீரின் கழுத்தை நெரிக்கும், கழுத்து அறும், ஒரு திவலை பிரிந்து ஓடும். உடனே அடுத்தது தலைநீட்டும். மடையில் நின்று ஒருவன் மண்வெட்டியால் ஒரே சீராய் அடைத்தும் திறந்தும் நீர் விடுவது போன்ற வேலை. ஆனால் மண்வெட்டியும் இல்லை, மடையனும் இல்லை.

இந்த நெரிப்பின் கணக்கை 2006இல் கார்சுட்டெக்கி முதலானோர் தெளிவாக்கினர். திவலையின் நீளம் காலின் அகலத்தோடு ஒரு சிறு கூடுதலே. அக் கூடுதலும், நீர் எவ்வளவு விரைவாய் வருகின்றது, எண்ணெய் எவ்வளவு விரைவாய் வருகின்றது என்னும் இரண்டின் விகிதத்தைப் பொறுத்ததே என்று காட்டினர். எண்ணெயைக் கூட்டினால் திவலை சிறுக்கும். நீரைக் கூட்டினால் நீளும். எண்ணெயின் பிசுக்கைப் பற்றியோ பரப்பு இழுவிசையைப் பற்றியோ மிகக் கவலற்க. ஓட்டம் மெதுவாய் உள்ளவரை அவற்றின் பங்கு சிறிதே. இத்துணை எளிய நெறியால் இத்துணைச் சீரான விளைவு எய்துவது அறிவியலில் அரிது.

இதற்கு உடன்பிறந்த முறையும் ஒன்று உண்டு. நடுவில் வரும் பாய்மத்தை இருபுறமும் வரும் மற்றொரு பாய்மம் குவித்து ஒரு குறுகிய வாய் வழியே நெருக்கித் தள்ளுவது அது. குவிப்போட்டம் எனலாம். இசுப்பெயின் நாட்டுச் செவில்லே நகரத்துக் கன்யான் கால்வோ 1998இல் அதை ஊசியும் துளையும் கொண்டு காட்டினார். 2003இல் அன்னா, பொந்தூ, இசுட்டோன் ஆகியோர் அதைச் சில்லுக்குள் கொணர்ந்தனர்.

திவலை சிறிதாவதால் வரும் பயன் என்ன? 50 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள ஒரு திவலையின் கொள்ளளவு, ஒரு மில்லிலிட்டரை ஒன்றரைக் கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு. ஆகவே, மருத்துவமனையில் எடுக்கும் ஒரு சிறு குப்பி நீர்மம் ஒன்றரைக் கோடிக் கலங்களாய்ப் பெருகுகின்றது. ஒவ்வொன்றும் தனிக்கலம். ஒன்றில் நடப்பது இன்னொன்றுக்குத் தெரியாது. சுற்றிலும் எண்ணெய், கலத்துக்குச் சுவரே அதுதான்.

கலம் கிடைத்தால் போதுமா? அதை ஆள வேண்டுமே! நுண்காலில் சுழிப்பும் கொந்தளிப்பும் இல்லை. இரண்டு பாய்மங்கள் அருகருகே ஓடினாலும் கலவாமல் இணைகோடுகளாய் ஓடும். இக்குறையைச் சிக்காகோப் பல்கலைக்கழகத்து இசுமாகிலோவு குழுவினர் 2003இல் கடந்தனர். காலை வளைத்து வளைத்துப் பாம்பு போல் அமைத்தனர். ஒவ்வொரு வளைவிலும் திவலைக்குள் உள்ள நீர் நீண்டு, மடிந்து, மீண்டும் நீண்டு, மாவைப் பிசைந்து மடிப்பது போல் நொடியின் சிறு கூற்றுக்குள் கலந்துவிடுகின்றது. ஒரு கவையின் முன் நிறுத்தித் திவலையை இரண்டாய்ப் பிளக்கும் வழி 2004இல் வந்தது. இரண்டை ஒன்றாக்கவும், ஓடும் திவலைக்குள் ஒரு சிட்டிகை மருந்தைப் புகுத்தவும் மின்புலம் உதவியது. ஒளிரும் திவலையை மட்டும் பொறுக்கும் சில்லை 2009இல் இசுட்டிராசுபூர் நகரத்துக் கிரிபித்சு குழுவினர் செய்தனர். நொடிக்கு 2,000 திவலை வரை அது பார்த்துப் பார்த்துப் பிரித்தது. அரிசியில் கல் பொறுக்கும் கைக்கு இது எட்டுமோ?

பயனையும் காண்க. 2010இல் ஆர்வர்டுப் பல்கலைக்கழகத்து வைட்சு முதலானோர், குதிரைமுள்ளங்கியில் உள்ள ஒரு நொதியின் மாற்றுருக்களை நொதிமங்களின் மேற்பரப்பில் தாங்கச் செய்து, ஒவ்வொன்றையும் ஒரு திவலைக்குள் அடைத்து ஆய்ந்தனர். பத்து மணி நேரத்தில் பத்துக் கோடி வினைகள். செலவான கரைசல் 150 மைக்ரோலிட்டருக்கும் குறைவு. அஃதாவது ஒரு சிறு கரண்டியில் அடிப்பகுதியை நனைக்கும் அளவு. மூல நொதியைப்போல் பத்து மடங்குக்கும் மேல் விரைந்து செயற்படும் உருக்கள் அதில் கிடைத்தன. 2011இல், 20 மைக்ரோலிட்டர் கரைசலை ஏறத்தாழ 20,000 திவலைகளாக்கி, எத்தனை திவலையில் குறித்த மரபிழை உள்ளது, எத்தனையில் இல்லை என்று எண்ணியே அதன் அளவைக் கூறும் கருவி வந்தது. குருதியில் மிதக்கும் புற்றுநோயின் மரபிழையை எண்ணவும், கழிவுநீரில் கொரோனா நச்சுயிரியின் சுவடு காணவும் பின்னர் இம்முறை பயன்பட்டது.

உயிரணு எனப் பலரும் வழங்கும் கண்ணறையைத் தனித்தனியே ஆய்வதில்தான் திவலை தன் முழு ஆற்றலையும் காட்டியது. இரண்டு கண்ணறை ஒரே கலத்தில் புகுந்தால் ஆய்வு கெடும். ஆகவே பத்துத் திவலைக்கு ஒரு கண்ணறை என்னும் அளவில் நீர்க்கச் செய்து விடுவர். அப்போது 1,000 திவலைகளில் ஏறத்தாழ 905 வெறுமையாய் ஓடும். 90இல் ஒன்றே இருக்கும். 5இல் மட்டுமே ஒன்றுக்கு மேல் இருக்கும். வெறுமையாய் ஓடுவது வீண் அன்று. தனிமைக்குக் கொடுக்கும் விலை. கண்ணறையோடு அடையாளக் குறி தாங்கிய மணி ஒன்றும் அதே திவலையில் சேரும். அதனால் அக்கண்ணறையில் எழும் செய்திகள் அனைத்தும் ஒரே முத்திரை பெறும். 2015இல் ஆர்வர்டு மருத்துவப் பள்ளியினர் இவ்வகையில் எலியின் விழித்திரையிலிருந்து 44,808 கண்ணறைகளை ஆய்ந்து 39 வகையாகப் பிரித்துக் காட்டினர். அவர்கள் செய்த இன்னொன்றே இங்குப் பெரிதும் போற்றத்தக்கது. சில்லின் வரைபடத்தையும் செய்முறையையும் எவரும் எடுத்துச் செய்துகொள்ளும்படி அவர்கள் வெளியிட்டனர். உலகின் பல ஆய்வகங்கள் அதைப் பார்த்துத் தாமே அமைத்துக்கொண்டன. பிளாட்டோவின் வழி அது.

மற்றொரு வழியும் அதே காலத்தில் ஓடியது. பொதுப்பணத்தால் நடந்த ஆய்வின் பயனுக்கும் பல்கலைக்கழகமே காப்புரிமை பெற்று நிறுவனங்களுக்கு விடலாம் என்று அமெரிக்க நாடு 1980இல் சட்டம் செய்திருந்தது. அழுத்தத்தால் திவலைகளை நுண்காலில் செலுத்தி அவற்றுள் வினை நிகழ்த்துவதற்கான காப்புரிமைகளைச் சிக்காகோப் பல்கலைக்கழகம் பெற்று, இரெயின்தான்சு என்னும் நிறுவனத்துக்கு உரிமம் அளித்தது. இவ்விருவரும் 2015இல் 10எக்சு செனோமிக்சு என்னும் நிறுவனத்தின்மேல் வழக்குத் தொடுத்தனர். 2017இல் பயோராடு என்னும் பெருநிறுவனம் இரெயின்தான்சையே விலைக்கு வாங்கி வழக்கையும் தன்னதாக்கிக் கொண்டது. இதில் வேடிக்கை ஒன்று உண்டு. 20,000 திவலைக் கருவியை ஆக்கிய குவாண்டாலைபு நிறுவனத்தை 2011இல் வாங்கியதும் இதே பயோராடே. அங்கிருந்து வெளியேறிய சிலரே 10எக்சு நிறுவனத்தைத் தோற்றுவித்தோர். திவலை ஆக்கக் கற்ற கையையே திவலை ஆக்காதே என்று முறைமன்றத்துக்கு இழுத்தாயிற்று!

2018இல் ஆயத்தின் முடிவு. 2019இல் விற்பனைக்குத் தடை. வழக்கின் பிடியிலிருந்து விலகுதற்கென்றே 10எக்சு நிறுவனம் அதே ஆண்டில் தன் சில்லின் அமைப்பை மாற்றிப் புதிதாய் வெளியிட்டது. 2020இல் மேல்முறைமன்றம் ஒரு காப்புரிமை பற்றிய முடிவை நிலைநிறுத்தியும், மற்றவை பற்றிய முடிவைத் தள்ளியும் தீர்த்தது. 2021இல் இரு நிறுவனங்களும் ஒருவர் உரிமையை மற்றவர் பயன்படுத்திக்கொள்ள உடன்பட்டு வழக்கை முடித்துக் கொண்டன. ஆறாண்டு பொருதவர் கைகுலுக்கினர். வேலி மட்டும் அகலவில்லை. முன்னர் ஒருவர் கட்டிய வேலியை இப்போது இருவர் காத்தனர், அவ்வளவே வேறுபாடு.

உழைத்துக் கருவி செய்தவனுக்குக் கூலி வேண்டாவோ என்று கேட்போர் உளர். கேள்வி நேரியதே. ஆய்வகத்தில் மூன்று மாணவர் மூன்று திங்கள் போராடி ஓட்டும் சில்லை, மருத்துவமனைப் பணியாளர் ஒருவர் ஒரு பொத்தானை அழுத்தி ஓட்டும்படி செய்து கொடுத்தோர் நிறுவனத்தாரே. அக்கருவிக்கு விலை கேட்பது முறை; அதை அப்படியே படியெடுத்து விற்பவனைத் தடுப்பதும் முறை. ஆனால் எண்ணெய் சூழ்ந்த நீர்த்திவலைக்குள் வினை நிகழ்த்துவது என்னும் பரந்த கருத்தையே வளைத்துக் கட்டுவது கூலி அன்று. ஆற்றின் ஊற்றுக்கண்ணில் சுங்கம் வைப்பது. அக்கருத்து ஒரு கையில் பிறந்ததன்று. 1965இலேயே புல்விலர் என்பார் கண்ணறைகளைத் துளிகளில் ஏற்றி மின்னூட்டத்தால் பிரித்தார். 1998இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்சில் தாவுபிக்கும் கிரிபித்சும் எந்தச் சில்லும் இன்றி, எண்ணெயில் நீரைக் கலக்கியே நுண்ணறைகள் ஆக்கி அவற்றுள் மரபுக்கூறுகளை அடைத்துத் தேர்ந்தனர். பிளாட்டோ முதல் இவர்கள் வரை ஒவ்வொருவரும் ஒரு படி வைத்தனர்; கடைசிப் படியில் நின்றவர் ஏணி முழுதும் தமதென்றால் ஒப்புவதெப்படி?

காப்புரிமை மட்டுமே வேலி அன்று. திவலையைத் தாங்கும் எண்ணெயும் ஒரு வேலியாயிற்று. கடலை எண்ணெயோ கனிம எண்ணெயோ இவ்வேலைக்குப் பெரும்பாலும் ஒவ்வா. உள்ளிருக்கும் பொருள் அவற்றில் கரைந்து அடுத்த திவலைக்குக் கசியும். சில்லாய் அமைந்த சிலிக்கோன் தொய்வத்தையும் அவை உறிஞ்சி உப்பச் செய்யும். புளோரின் செறிந்த எண்ணெய் ஒன்றே இக்குறைகள் பெரிதும் இல்லாதது. உயிர்வளியையும் மிகுதியாய்க் கரைத்து வைத்திருப்பதால் உள்ளிருக்கும் கண்ணறை மூச்சுத் திணறுவதில்லை. அத்துடன் திவலைகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடாமல் காக்கும் வழலை போன்ற பொருளும் வேண்டும். அதுவும் புளோரின் வாலுடையதாய் இருத்தல் வேண்டும். அத்தகைய ஒன்றை ஓல்ட்சே முதலானோர் 2008இல் விளக்கினர். உலகெங்கும் ஆய்வகங்கள் பெரிதும் பயன்படுத்திய எண்ணெயை ஆக்கியது 3எம் என்னும் ஒரே அமெரிக்க நிறுவனம். மண்ணிலும் நீரிலும் எளிதில் சிதையாது நெடுங்காலம் தங்கும் புளோரின் சேர்மங்கள் அனைத்தையும் 2025ஆம் ஆண்டு முடிவுக்குள் ஆக்குவதை விட்டுவிடுவதாய் அந்நிறுவனம் 2022 திசம்பரில் அறிவித்தது. அவ்வெண்ணெயும் அதில் அடங்கியது.

அச்சேர்மங்களை நிறுத்தியது நல்லதே. நிலத்தையும் குருதியையும் நஞ்சாக்கும் பொருளுக்கு இரங்க வேண்டா. குறை வேறிடத்தில் உள்ளது. பதினைந்து ஆண்டாய் ஒரு துறையே ஒரு குப்பியின்மேல் மிதந்தது. அக் குப்பியை மூடுவதென்று எங்கோ ஒரு நிறுவன அறையில் முடிவெடுத்தால், உலகின் ஆய்வகங்கள் எல்லாம் மாற்றுத் தேடி அலைய நேர்கின்றது. வாங்கிப் பயன்படுத்தியோர் பலர். ஆக்கக் கற்றோர் சிலர். கருவியை வாங்கி நாடாவை வெட்டிப் படம் எடுத்துக்கொள்ளும் பல்கலைக்கழகங்கள் எந்நாட்டில் இருப்பினும் இதைக் கருத வேண்டும். சில்லு செய்வது அத்துணைப் பெரிய வேலை அன்று. ஒளியால் செதுக்கிய அச்சு ஒன்று. அதன்மேல் பத்துக்கு ஒன்று என்னும் அளவில் உறைபொருள் கலந்து ஊற்றிய சிலிக்கோன். அதை இளஞ்சூட்டில் உறைய வைத்து உரித்துக் கண்ணாடியில் ஒட்டுவது. 1998இல் ஆர்வர்டில் வைட்சைட்சு குழுவினர் இதை எழுதி வைத்துவிட்டனர். தாய்மொழியில் சொல்லிக் கொடுத்தால் பதினேழு அகவை மாணவன் கற்றுக்கொள்வான். பிழைபட்ட பத்துச் சில்லுகளைச் செய்து பதினொன்றாவதில் திவலை ஓடக் கண்டவனே நாளை வேறு எண்ணெய் காண்பான். பெட்டியைத் திறவாமல் பொத்தானை அழுத்தப் பழகியவன் காணமாட்டான்.

சில்லே இல்லாமலும் திவலை ஆக்கலாம் என்று 2018இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான்பிரான்சிசுகோ வளாகத்தில் அபாதே குழுவினர் காட்டினர். ஒரே அளவான கூழ்ம உருண்டைகளை நீரில் இட்டு, எண்ணெய் சேர்த்துக் குழாயைக் கடுமையாய்க் குலுக்கினால், ஒவ்வோர் உருண்டையும் தன்னைச் சுற்றி ஒரே அளவு நீரைப் பற்றிக்கொண்டு ஒரே அளவான திவலையாகிவிடுகின்றது. இயக்கக் கருவியும் வேண்டா, நுண்காலும் வேண்டா. மோர் கடைவோர் கைக்கும் எட்டும் முறை. 2023இல் அதே வழியில் ஆயிரக்கணக்கான கண்ணறைகளைக் குலுக்கிய குழாயிலேயே ஆய்ந்து காட்டினர். அம்முறையை விற்பனைக்குக் கொணர்ந்த புளுவென்ட்டு பயோசயன்சு என்னும் சிறுநிறுவனத்தை, மரபிழை படிக்கும் கருவிகளை விற்கும் இல்லுமினா என்னும் பெருநிறுவனம் 2024இல் வாங்கிக் கொண்டது.